இருநூற்றுப் பன்னிரண்டு குளங்களின் சேறு

சுபல் ஹல்தாரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. யோக்கியதை உள்ளவர்கள் எங்கள் காஞ்சன்ஹாட்டில் வேறு யாரும் மிஞ்சவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். என் பெயர் மஞ்சரி நியோகி. பெண்கள் பள்ளியில் வங்காளம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் தீதிமணி, அதாவது டீச்சரம்மா. ஆச்சார்யா நினைவுக் கமிட்டிக்குத் துணைச் செயலாளர் என்றும் ஒரு பட்டம் உண்டு. அதைச் சொல்லவே இப்போது நாக் கூசுகிறது.

சுபல் மீனவக் குடியில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஆச்சார்யாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்ன என்று கேட்டால் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நார் உரிப்பதற்காகச் சணலை ஊறப்போடும் குளங்களில் இறங்கி, கழுத்துவரை அழுகல் தண்ணீரில் நின்று, அடியிலிருந்து சேறு எடுத்து வர வேண்டும். ஆவணி மாதம் எங்கள் ஊர்ப்பக்கம் ரயிலில் போகிறவர்களே ஜன்னலை இழுத்து மூடிக்கொள்வார்கள், அப்படி நாறும். அந்த நாற்றத்தின் நடுமடியில் போய் நின்றவர் சுபல். பதினோரு வருஷம் நின்றார். கால் விரல் நகங்கள் மஞ்சளாகி, சுருண்டு, பாதி உதிர்ந்துவிட்டன. கல்யாணமான புதிதில் அவர் மனைவி ரேவா, "கட்டிலுக்கு வர்றதுன்னா ரெண்டு தடவை குளிச்சிட்டு வாங்க, இல்லன்னா தறியில போய்ப் படுங்க, உங்களச் சணல்னு நெனச்சு நெய்ஞ்சிடுவாங்க" என்று சொன்னதை சுபலே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஆச்சார்யா அம்பிகாசரண் சர்க்கேலை வெளிநாட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஒரே வயலில் விளைந்த சணல் ஒரு குளத்தில் ஊறினால் பொன் நிறத்தில் நார் வருகிறது, இன்னொரு குளத்தில் ஊறினால் கறுத்துப்போய் சாக்குக்குக்கூட ஆகாமல் போகிறது. ஏன்? அந்தந்தக் குளத்துச் சேற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். அதற்காக இருநூற்றுப் பன்னிரண்டு குளங்களின் சேற்றைக் காயவைத்து, தனித்தனிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, எண்ணும் குளத்தின் பெயரும் எழுதி ஒட்டி வைத்திருந்தார். எழுதியது அவர், இறங்கி எடுத்தது சுபல்.

ஆச்சார்யா காலமான பிறகு கல்கத்தாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். கட்டில், கடிகாரம், தேக்கு மேஜை எல்லாம் லாரியில் ஏறியது. புட்டிகளைப் பார்த்து முகம் சுளித்து, "இந்த அசிங்கத்தை நீயே வெச்சுக்க" என்றார்கள். சுபல் வைத்துக்கொண்டார். ஆச்சார்யா வீட்டின் பின்கட்டில் அவருக்கு ஒரு அறை. கூடத்தில் புட்டிகளுக்கு இரண்டு அலமாரி. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு தக்கையையும் பார்த்து மெழுகு வைப்பார். வருஷத்துக்கு ஐந்தாறு புட்டி என்று முறை வைத்து, ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்துக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மூடி வைப்பார். மூன்றாம் நாள் திறந்தால் நாற்றம் குப்பென்று எழும்.

"உயிரோட இருக்கு தீதிமணி!" என்று தெருவில் போகிற என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். "நூத்தி நாலு! மதோன் குளம்! இருபத்தி நாலு வருஷமாச்சு, இன்னும் எப்படி நாறுது பாருங்க!"

நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "பார்த்தேன் பார்த்தேன், மூடுங்க சுபல்தா" என்று நகர்ந்துவிடுவேன். ஊரில் அவரை 'தா', அதாவது அண்ணா, சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

கமிட்டி என்று ஒன்று இருந்ததே, அது என்ன செய்தது என்று கேட்பீர்கள். வருஷத்துக்கு ஒருநாள் ஆச்சார்யாவின் பிறந்தநாளில் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ரஜனிகந்தா மாலை போட்டு, ஆர்மோனியம் வாசித்தது. தலைவர் நிர்மலேந்து சமத்தார். ஆற்றங்கரையில் லாட்ஜ் வைத்திருக்கிறார். மைக் பிடித்தால் விடமாட்டார். ஒரு வருஷம், சாக்குப் பையைக் கண்டுபிடித்தவரே ஆச்சார்யாதான் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். மேடையில் உட்கார்ந்துகொண்டு தட்டாமல் இருக்க முடியுமா?

அப்படி இருக்கும்போதுதான் சர்க்காரிலிருந்து கடிதம் வந்தது. ஆச்சார்யா வீட்டை அருங்காட்சியகமாக்கும் யோசனை இருக்கிறது. ஊர் மக்கள் விரும்புகிறார்கள் என்பதற்குப் பத்தாயிரம் கையெழுத்து வேண்டும். அதே மாதம் கல்கத்தா ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து டாக்டர் லாஹிரி என்ற அம்மாளும் எழுதியிருந்தார். புட்டிகள் மட்டும் ஒழுங்காக இருந்தால் அவற்றுக்குத் தனி அறையும், பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர வேலையும் தங்கள் பொறுப்பு, பங்குனியில் நேரில் வந்து பார்க்கிறேன் என்று. அந்த வேலை சுபலுக்குத்தான் என்று கடிதத்திலேயே இருந்தது. சுபலுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தனி அறைன்னா ஈரம் வராதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே சைக்கிளில் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டார். ஒரு கையில் தாள் கட்டு, பையில் ஒரு புட்டி. வீடு வீடாகப் போய்ப் புட்டியைக் காட்டி, குளத்தின் பெயரைச் சொல்லி, கதையைச் சொல்லி, பிறகுதான் தாளை நீட்டுவார். ஒரு கையெழுத்துக்கு அரைமணி நேரம். எங்கள் ஊர் ஆட்களின் வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

டீக்கடையில் நானே காதால் கேட்டது. மருந்துக்கடை பிபாஸ், "என்ன சுபல்தா, சேத்தக் காட்டி ஓட்டுக் கேக்கறீங்க? மத்தவன்லாம் ஜெயிச்சப்புறம்தான் சேத்த வாரி எறிவான்" என்றான்.

"ஓட்டு இல்லப்பா, கையெழுத்து. இது நம்ம பிபின் குளத்துச் சேறு. உங்க தாத்தா அதுலதான் சணல் ஊறப்போட்டாரு. அந்தத் தண்ணிக்கு நார் அப்படியே பொன்னு மாதிரி வரும்."

"அந்தக் குளம் இப்ப எங்க இருக்கு?"

"மூடிட்டாங்க. மேல சினிமாக் கொட்டகை."

"அப்ப படம் பாக்கறவனுங்களுக்கெல்லாம் பொன்னா வருமா?"

கடையே சிரித்தது. சுபலும் சிரித்தார். பிபாஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், தாளில் டீக்கறையோடு.

இப்படி ஏழு மாதத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். கமிட்டிக் கூட்டத்தில் சமத்தார் பாபு தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வேகத்துல போனா அருங்காட்சியகத்துல நம்ம எலும்பத்தான் வெக்கணும். சுபல், நீ நல்லவன், ஆனா உனக்கு ஜனங்களத் தெரியாது. சேத்தக் காட்டினா எவன் வருவான்? சாமியக் காட்டு, வருவான்."

அவர் சொன்ன யோசனை, வரும் மாசி பஞ்சமிக்கு ஊரின் சரஸ்வதி பூஜையை ஆச்சார்யா வீட்டிலேயே வைப்பது. புஷ்பாஞ்சலிக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிச்சடிப் பந்தியில் உட்கார வேண்டும். கூட்டம் முழுக்க "ஆஹா" என்றது. சுபல் மட்டும், "கூடத்துல அலமாரி இருக்கே பாபு, ஆள் நெரிசல்ல தட்டிட்டா?" என்றார்.

"உன் அலமாரியில எவன் கை வெக்கப் போறான்? அத யாரு தொடுவா?" என்றார் சமத்தார் பாபு. அருவருப்பே காவலாக இருக்கும் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

பூஜைக்கு முந்தின நாள் காலை, ஆற்றுக்கு அக்கரையில் குயவரிடம் சொல்லி வைத்திருந்த சரஸ்வதி சிலையைக் கொண்டுவர சுபலைப் படகில் அனுப்பினார்கள். நீர்க்காரர், படகு தெரிந்தவர், சிலையை ஆட்டாமல் கொண்டுவருவார் என்று. நாங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர், ஆசிரியைகளும் மேல்வகுப்பு மாணவிகளும், கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டோம். அப்போதுதான் மைப்புட்டிகள் போதாது என்று தெரிந்தது. சரஸ்வதி முன்னால் மைப்புட்டியில் பச்சைப்பால் ஊற்றி நாணல் பேனாவைச் செருகி வைக்காத பூஜை எங்கள் பக்கம் உண்டா? வழக்கமாக ஒவ்வொரு வீட்டுப் பூஜைக்கும் இரண்டு மூன்று போதும். இந்த வருஷம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் இங்கேயே வருகிறார்கள். குயவரிடம் வாங்கியது நாற்பதுதான் இருந்தது.

அலமாரியைப் பார்த்தவள் நான். சொன்னவளும் நான்.

"ஆச்சார்யாவோட கைபட்ட புட்டிங்க இத்தன இருக்கறப்ப வெளியில எதுக்குத் தேடறோம்? இதவிடப் புனிதமான மைப்புட்டி எங்க கெடைக்கும்?"

எல்லோருக்கும் புல்லரித்தது. எனக்கும் புல்லரித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கண்ணில் நீர்கூட வந்தது. பக்தி என்றால் இப்படித்தான் இருக்கும் போல. ஒரே ஒரு மாணவி, "தீதிமணி, உள்ள மண்ணு இருக்கே?" என்றாள். "கழுவினா போயிடும்டி, பின்னாடி தொட்டி எதுக்கு இருக்கு?" என்றேன்.

புட்டிகளைக் கூடைகளில் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் அமிழ்த்தினோம். தண்ணீர் பட்டதும் சேறு இளகி அந்தப் பழைய நாற்றம் கிளம்பியது. ஒருத்தி ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நாங்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, தென்னை ஈர்க்கும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். காகிதச் சீட்டுகள் பாலாடை போலக் கழன்று மிதந்தன. அவற்றை வழித்துச் சுவரோரம் எறிந்தோம். கறுத்த தண்ணீர் சமையலறைச் சாக்கடை வழியாகப் போனது. ரொம்பக் குறுகலான கழுத்துள்ள சிலவற்றில் மட்டும் அடிச்சேறு வரவில்லை. "பரவாயில்ல, பால் ஊத்தினா தெரியாது" என்று விட்டுவிட்டோம். மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் பளபளவென்று வெயிலில் காய்ந்தன. கை வலித்தது. செய்த காரியத்தில் பெருமையாகக்கூட இருந்தது.

சுபல் சிலையோடு வந்தபோது சூரியன் உச்சியிலிருந்து இறங்கியிருந்தது. சிலையைப் பீடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். தேவிக்கு முன்னால் ஏழு வரிசையாகப் புட்டிகள், எல்லாவற்றிலும் நாணல் பேனா, மறுநாள் காலைப் பாலுக்குத் தயாராக. அவர் அலமாரியைப் பார்த்தார். மறுபடி புட்டிகளைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. விடுவிடுவென்று பின்பக்கம் போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மனிதர் சாக்கடையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். சாதத் தண்ணீர், காய்கறித் தோல், சாம்பல், எல்லாவற்றோடும் சேர்த்து அள்ளினார். முக்கால் வாளி வந்தது. பிறகு சுவரோரம் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நெஞ்சில் ஒட்டிக்கொண்டார், காயட்டும் என்று.

"யாரு கழுவினது?" என்றார், நிமிராமலே.

"எல்லாரும்தான் சுபல்தா. சாமிக்காக" என்றேன். என் விரல் நகங்களில் கறுப்பு அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

பூஜை அமோகமாக நடந்தது. மஞ்சள் புடவையும் மஞ்சள் வேட்டியுமாக ஊரே திரண்டது. கையெழுத்து மேஜை பந்தி வாசலில். கிச்சடி வாசனை தாங்காமல் இரண்டு தடவை போட்டவர்கள் உண்டு. இடுப்புக் குழந்தையின் விரலை மையில் ஒற்றியவர்கள் உண்டு. செத்துப்போன மாமனார் பேரையும் சேர்த்து எழுதி அவர் பங்குக்கு ஒரு கரண்டி கூடுதலாக வாங்கிப் போனவரை நான் கண்ணால் பார்த்தேன். தாள்களில் நெய்க்கறை, மஞ்சள்கறை. மாலைக்குள் எட்டாயிரத்துச் சொச்சம். சமத்தார் பாபு மைக்கில் அழுதார். ஆச்சார்யா எதைக் கண்டுபிடித்தார் என்று அந்த எட்டாயிரம் பேரில் எட்டுப் பேரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் எங்கள் லட்சணம். மூன்றாம் நாள் சிலையைக் கரைத்துவிட்டு வந்து பார்த்தால் புட்டிகளில் பால் திரிந்து, பச்சை பூத்து, புழு நெளிந்தது. சுபலின் சேற்றைப் பார்த்து மூக்கைப் பொத்திய நாங்கள் அந்த நாற்றத்தை மூன்று நாள் கும்பிட்டிருக்கிறோம்.

லாஹிரி அம்மாள் வரும் தேதி நெருங்கியதும்தான் சமத்தார் பாபுவுக்கு வியர்த்தது. சுபலைக் கூப்பிட்டனுப்பினார். நானும் இருந்தேன்.

"சுபல், அந்த வாளிச் சேறு இருக்குல்ல?"

"இருக்கு பாபு."

"அது ஆச்சார்யாவோட சேறுதானே? வெளியாள் சேறு இல்லியே?"

"அவரோடதுதான். சமையலறை அரிசித் தண்ணியும் சேந்திருக்கு."

"பிரிச்சுப் புட்டியில போட்டுடு. தீதிமணி கையெழுத்து முத்து முத்தா இருக்கும், சீட்டு எழுதித் தருவாங்க. முடிஞ்சுது கதை."

சுபல் அவரையே பார்த்தார். "இருநூத்திப் பன்னெண்டு குளம் ஒரே வாளியில கெடக்கு பாபு. எதப் பிரிக்கறது? திரும்ப எடுக்கலாம்னா பாதிக் குளம் இப்ப இல்ல. எம்பத்தெட்டாம் நம்பர் எங்க இருக்குன்னு தெரியுமா? உங்க லாட்ஜுக்குக் கீழ."

"வாய் நீளுது" என்றார் சமத்தார் பாபு.

"நான் செய்யமாட்டேன்."

அவர் செய்யவில்லை. அடிச்சேறு போகாமல் ஒட்டியிருந்த இருபத்தொன்பது குறுங்கழுத்துப் புட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். மற்றதைக் கமிட்டி செய்தது. குறைந்த இருபத்தொன்பதுக்கு மருந்துக்கடையிலிருந்து புட்டி வந்தது. வாளிச் சேற்றைக் காயவைத்துக் கரண்டியால் போட்டார்கள். பழைய பட்டியலைப் பார்த்துச் சீட்டு எழுதியவள் நான். ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை, முத்து முத்தாக. அருங்காட்சியகம் வந்தால் ஊருக்கு நல்லதுதானே என்று எழுத எழுதச் சொல்லிக்கொண்டேன். காசுக்குக்கூடச் செய்யவில்லை, அதுதான் இன்னும் கேவலம்.

லாஹிரி அம்மாள் பூப்போட்ட பருத்திப் புடவையும் ரப்பர் செருப்புமாக வந்தார். மாலையை வாங்கி நாற்காலியில் வைத்தார். மிட்டாய்த் தட்டை நகர்த்திவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். பதினான்கை எடுத்தார். பதினைந்தை எடுத்தார். ஒன்றின் தக்கையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி விரலால் பரத்தினார். அதில் ஒரு அரிசி இருந்தது.

"இதப் பாத்துக்கறது யாரு?"

"நான்தாம்மா. சுபல்."

"இதெல்லாம் அந்தந்தக் குளத்துச் சேறுதானா?"

சமத்தார் பாபு இருமினார். சுபல், "இல்லம்மா. எல்லாம் ஒரே வாளி" என்றார். "புட்டியக் கழுவிட்டாங்க. ஒட்டினது மட்டும் இருபத்தொம்பது புட்டியில இருக்கு, எடுத்து வெச்சிருக்கேன். ஆனா சீட்டெல்லாம் கழண்டுடுச்சு, எது எந்த நம்பர்னு தெரியல."

அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். "எந்தக் குளம்னு தெரியாத சேறு வெறும் சேறுதான் சுபல்பாபு" என்றார் மெதுவாக. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "யாரு கழுவினது?"

சமத்தார் பாபு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எப்படிச் சொல்றதுன்னு பாத்தேன். இவனேதான். சுத்தம் பண்றேன்னு ஒருநாள் எல்லாத்தையும் தொட்டியில கொட்டிட்டான். கொஞ்சம் தண்ணி போடற பழக்கம். பழைய ஆளாச்சேன்னு நாங்க மூடி மறைச்சோம்."

சுபல் குடிக்கமாட்டார். ஊருக்கே தெரியும். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிபாஸ் கூரையைப் பார்த்தான். சுபல் என்னைப் பார்த்தார். அவர் பார்ப்பதை லாஹிரி அம்மாளும் பார்த்துவிட்டார்.

"நீங்க டீச்சர்தானே? நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேச வேண்டும் என்று கட்டுரை எழுதக் கொடுத்தவள் நான். எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். தெளிவான குரலில் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

அந்த அம்மாள் நோட்டை மூடினார். "எங்க ஆய்வுக்கூடம் எடுத்துக்க இங்க ஒண்ணும் இல்ல" என்றார். வண்டி கிளம்பிப் போன பிறகு, வந்தவருக்கென்று வைத்த சந்தேஷ் மிட்டாய்த் தட்டை யாரோ என் பக்கம் நீட்டினார்கள். நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். முழுதும் தின்றேன்.

அருங்காட்சியகம் வராமல் போய்விட்டதா என்ன? ஜாம் ஜாமென்று வந்தது. பத்தாயிரத்து முந்நூறு கையெழுத்து இருக்கிறதே. சர்க்காரின் கலாச்சாரத் துறை திறந்து வைத்தது. கண்ணாடிப் பெட்டியில் ஆச்சார்யாவின் செருப்பு இருக்கிறது, அது சமத்தார் பாபுவின் அப்பாவுடையது. ஆச்சார்யாவின் சால்வை இருக்கிறது, அது போன குளிர்காலத்தில் கடையில் வாங்கியது. ஆச்சார்யா படுத்த கட்டில் என்று ஒன்று இருக்கிறது, யார் படுத்ததோ. வருகிறவர்கள் செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அலமாரிகளும் புட்டிகளும் இல்லை. நாறும் என்று எடுத்துவிட்டார்கள். பின்கட்டு அறை இப்போது டிக்கெட் கொடுக்கும் இடம். சுபலும் ரேவாவும் இரண்டு மூட்டையும் ஒரு கட்டிலுமாக வெளியேறிய அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அன்று நிஜமாகவே இருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து, ஆவணியில், அவரைத் தேடிப் போனேன். படகுத்துறையில் கயிறு கட்டும் வேலை பார்க்கிறார், பக்கத்திலேயே தகரக் குடிசை. ரேவா என்னைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில், "வாங்க, வாங்க. இங்க கழுவறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "சுபல்தா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். மைப்புட்டி யோசனையும் என்னோடதுதான். இத லாஹிரி அம்மாவுக்கு எழுதறேன். ஊர்ல எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க என்னத் திட்டுங்க, என்ன வேணா செய்ங்க..."

"அது கெடக்கட்டும் தீதிமணி" என்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். உள்ளே வைக்கோலில் அந்த இருபத்தொன்பது புட்டிகள். மூன்றின் கழுத்தில் நூலால் சீட்டுக் கட்டியிருந்தது. பெட்டி மேல் ஒரு நோட்டு. அதில் எங்கள் பன்னிரண்டு பேர் பெயரும் வரிசையாக எழுதியிருந்தது.

"ஒவ்வொருத்தர் வீடாப் போய்க் கேட்டுட்டேன். பிள்ளைங்கள்ல ரெண்டு பேருக்கு ஞாபகம் இருக்கு. சின்ன வயசுக்கண்ணு, கழுவறப்ப சீட்டப் படிச்சிருக்குதுங்க. இந்த ஒடஞ்ச விளிம்பு நூத்தி முப்பத்தி ஒண்ணு. இந்தப் பச்சைக் கண்ணாடி நாப்பத்தி ரெண்டு. அப்படி மூணு சேந்துருக்கு. நம்பர் தெரிஞ்சா அந்த அம்மாவுக்கு எழுதலாம், அத்தனையும் வேணாம், பத்து இருந்தாக்கூடப் போதும்னு நெனைக்கறேன். நீங்கதான் மிச்சம். உங்ககிட்ட எப்படி வர்றதுன்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க."

பெட்டியை என் மடிக்குப் பக்கத்தில் நகர்த்தினார். ஒரு புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டார்.

"குறுங்கழுத்து எல்லாம் உங்க பக்கம்தான் வந்துதுன்னு அந்தப் பிள்ளைங்க சொல்லிச்சு. நிதானமா யோசிங்க. சீட்டுல ஆச்சார்யா கையெழுத்து பெருசா இருக்கும், செவப்பு மையில நம்பர், கீழ குளத்துப் பேரு. நீங்க படிக்காமயா இருந்திருப்பீங்க, வங்காள டீச்சராச்சே."

யோசித்தேன். அன்று என் புடவை என்ன நிறம் என்று ஞாபகம் இருந்தது. என்ன பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தேய்த்தேன் என்று ஞாபகம் இருந்தது. அவர் பென்சிலோடு காத்திருந்தார். நான் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒரு நம்பராவது?" என்றார் சுபல்.